மண்ணுக்கடியில் வாழும் வண்டுக்கு யார் பெயர் வைத்தது?

பி.காம். படிக்கிற ஆளுக்கு வண்டோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. முழுசாகப் படித்து முடித்தால் இதுவும் ஒரு வகையில் கணக்குப்பதிவியல் கட்டுரைதான் என்று உங்களுக்கே புரிந்துவிடும் :-)

எங்கள் ஊர் மண்டைக்காடு. குமரி மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வதென்றால், குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் இருக்கிற சின்ன ஊர். பகவதி அம்மன் கோயில்தான் அதன் அடையாளம். பெண்கள் இருமுடி கட்டி வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்பார்கள். மாசிக் கொடை பத்து நாளும் ஊருக்குள் நடக்க இடம் இருக்காது. இந்தக் கோயிலின் விசேஷம், மூலஸ்தானத்தில் இருப்பது கல் சிலை அல்ல, ஒரு புற்று. சுமார் 15 அடி உயரம். அதன் மேல்தான் அம்மன் முகம். ஒரு காலத்தில் மாடு மேய்க்கிற காடாக இருந்த இடத்தில், சிறுவர்கள் விளையாடும்போது புற்றில் அடிபட்டு ரத்தம் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது.

அந்தப் புற்றை யாரும் தோண்டப் போவதில்லை. தோண்டவும் கூடாது. ஆனால் நம் வயல் வரப்பிலும், தோப்பிலும், பனைமரத்தடியிலும் எத்தனையோ புற்றுகள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் என்ன இருக்கிறது? 'கறையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்தது போல' என்கிற பழமொழி நமக்குத் தெரியும். கட்டியவன் ஒருத்தன், குடியிருப்பவன் இன்னொருத்தன். உண்மையில் பாம்பு கடைசியாக வருகிற வாடகைக்காரன். அதற்கு முன்னாலேயே கறையானுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புற்றுக்குள் குடியிருக்கிற ஒரு கூட்டம் உண்டு. அதில் முக்கியமானவை வண்டுகள். கண் தெரியாத, பறக்க முடியாத, கடுகை விடச் சின்ன வண்டுகளும் அதில் உண்டு.

இந்த மாதிரி நிலத்தடி வண்டுகளை யார் கண்டுபிடித்தார்கள், யார் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கறிவேப்பிலையில் ஒளிந்திருக்கும் ஆள்

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே 1768-ல் மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கிற முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்தவர். இவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று நினைக்கிறீர்களா? தினமும் உங்கள் வீட்டுத் தாளிப்பில் அவர் இருக்கிறார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. இப்போது பெர்கெரா கோனிகி என்ற பழைய பெயரே சரி என்கிறார்கள். எப்படி வைத்தாலும் 'கோனிகி' என்றால் இந்தக் கோனிக்தான். லின்னேயஸ் 1771-ல் வைத்த பெயர்.

கோனிக் செடிகளோடு நிற்கவில்லை. தஞ்சாவூர்ச் சீமையில் கறையான் புற்றுகளை உடைத்துப் பார்த்து, 1779-ல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். கறையானைப் பற்றிய முதல் அறிவியல் கட்டுரைகளில் ஒன்று அது. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் லண்டனில் எழுதிப் பேர் வாங்கிய கட்டுரை 1781-ல்தான் வந்தது. புற்றுக்குள் பஞ்சு போல ஓர் அமைப்பும், அதில் வெள்ளை வெள்ளையாகக் காளான் மணிகளும் இருப்பதைக் கோனிக் பதிவு செய்தார். கறையான் தன் உணவுக்காகக் காளானை வளர்க்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். மனிதன் விவசாயம் தொடங்கி பத்து, பன்னிரண்டாயிரம் ஆண்டுதான் ஆகிறது. கறையான் சுமார் மூன்று கோடி ஆண்டாகச் செய்கிறது.

அவர் எழுதிய இன்னொரு விஷயம் நம் ஆட்களுக்கு ரொம்பப் பழக்கமானது. ஈசல் பிடிக்கும் முறை! புற்றில் இரண்டு பக்கமும் ஓட்டை போடுவார்கள். காற்று வருகிற பக்கத்தில் நாற்றமடிக்கிற பொருட்களைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். எதிர்ப்பக்கத்து ஓட்டையில் வாசனைத் தழை தடவிய பானையை வைப்பார்கள். புகை தாங்காமல் ஈசல் பானைக்குள் வந்து விழும். அதை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுப்போக்கு வரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. மருத்துவர் அல்லவா!

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கோனிக் அதை 'கண்டுபிடித்தார்' என்று சொல்லலாமா? புறநானூற்றில் பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், செம்புற்றில் கிடைக்கும் ஈயலைப் புளித்த மோரில் சமைப்பதைச் சொல்கிறார். அகநானூற்றில் கரடி புற்றைத் தோண்டித் தின்கிற 'குரும்பி' வருகிறது. குரும்பி என்பது கோனிக் பார்த்த அதே பஞ்சு அமைப்பு. பேச்சுவழக்கில் அதற்குப் புற்றாஞ்சோறு என்று பெயர். கறையான் சாப்பிடுகிற சோறு! காளான் வளர்ப்பு என்கிற மொத்த விஷயமும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறதே.

அப்படியானால் நமக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பதிவேட்டில் ஏறியது கோனிக்கின் பெயரில். ஏன்? அதற்கு விடை சொல்லக்கூடியவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியர்.

வண்டுகளுக்குப் பெயர் வைத்த காமர்ஸ் வாத்தியார்

யோஹான் கிறிஸ்தியன் ஃபாப்ரிசியஸ். 1745-ல் டென்மார்க்கில் பிறந்தவர். இவரும் லின்னேயஸின் மாணவர். இவர் கீல் பல்கலைக்கழகத்தில் எதற்குப் பேராசிரியர் தெரியுமா? இயற்கை வரலாறு, பொருளாதாரம், நிதியியல். ஆக, நம்ம டிபார்ட்மெண்ட்! :-)

ஃபாப்ரிசியஸ் வாழ்நாளில் பெயரிட்ட பூச்சிகள் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 1775-ல் வந்த அவருடைய முதல் பெரிய நூலிலிருந்து, வண்டுகளுக்காகவே எழுதிய 1801-ஆம் ஆண்டு நூல் வரை புரட்டினால், 'வாழிடம்: தரங்கம்பாடி' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். அவர் தரங்கம்பாடிக்கு வந்ததே இல்லை. கோனிக் அனுப்பினார். பிறகு டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி அனுப்பினார். (பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறியதை 1791-ல் தரங்கம்பாடியில் பார்த்ததாக எழுதியவரும் இந்த டால்டார்ஃப்தான். அந்த விவாதம் தனிக் கதை.)

ஃபாப்ரிசியஸ் 1775-ல் பெயரிட்ட இந்திய வண்டுகளில் ஒன்று ஹீலியோகாப்ரிஸ் புசெஃபாலஸ். நம்ம ஊர்ப் பெரிய சாணவண்டு. சாணியை உருட்டிக்கொண்டு ஓடுகிற வகை இல்லை இது. சாணிக் குவியலுக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி, சாணியை உள்ளே இறக்கி, பெரிய உருண்டையாகச் செய்து, மேலே மண் பூசி, உள்ளே முட்டையிடும். புழு வெளிச்சத்தையே பார்க்காமல் அந்த உருண்டைக்குள் வளரும். இந்த இன வண்டுகளின் உருண்டைகள் தோண்டும்போது கிடைத்து, பழைய காலத்துக் கல் பீரங்கிக் குண்டு என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள், உடைந்தபோதுதான் உண்மை தெரிந்தது என்று பழைய பூச்சியியல் புத்தகங்களில் வரும். 1741-ல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த குளச்சலுக்குப் பக்கத்தில் யாருக்காவது உருண்டை கிடைத்தால், கொஞ்சம் உடைத்துப் பார்த்துவிட்டுச் சரித்திரம் எழுதவும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு வண்டு இருப்பது ஊருக்கே தெரியும். அதற்கு ஊரில் பெயரும் இருக்கும். ஆனால் அறிவியலுக்கு அது 'புதிய இனம்' ஆவது எப்போது? இங்கேதான் நம் அக்கவுண்ட்ஸ் பாடம் வருகிறது.

வவுச்சர் இல்லாமல் பதிவு இல்லை

ஆடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது என்ன? லெட்ஜரில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு வவுச்சர் வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. பெயரிடும் அறிவியலும் அச்சு அசலாக இப்படித்தான். அவர்களும் 'வவுச்சர்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள்!

புதிய இனம் என்று சொல்ல வேண்டுமானால் ஒரே ஒரு உடலை மூலமாதிரி என்று அறிவிக்க வேண்டும். அதுதான் ஒரிஜினல் வவுச்சர். ஊசியில் குத்தி, கிடைத்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டோடு ஒரு காட்சியகத்தில் வைக்க வேண்டும். பிறகு விவரிப்பு. நீளம், நிறம், உணர்கொம்பில் எத்தனை கணு, சிறகுமூடியில் எத்தனை வரி, காலில் எத்தனை முள். பெரும்பாலான வண்டுகளில் கடைசித் தீர்ப்பைச் சொல்வது ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். வெளியே ஒன்றுபோல இருக்கிற இரண்டு இனங்கள் அங்கே வேறுபடும். பிறகு, ஏற்கெனவே பெயர் வைத்த உறவினர்களிலிருந்து இது எப்படி வேறு என்று காட்ட வேண்டும். அதற்கு அந்த உறவினர்களின் மூலமாதிரிகளைப் பார்த்தாக வேண்டும். கடைசியாக அச்சில் வெளியிட வேண்டும். 2012-லிருந்து மின்னிதழில் வெளியிட்டாலும் செல்லும், ஆனால் பதிவு எண் வாங்க வேண்டும்.

கணக்கு 1758 ஜனவரி 1-லிருந்து தொடங்குகிறது. லின்னேயஸின் நூலின் பத்தாம் பதிப்புதான் ஓப்பனிங் பேலன்ஸ். அதற்கு முன்னால் யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் விலங்கியலில் செல்லாது. அதற்குப் பின்னால் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வந்தால் முதலில் வந்ததே செல்லும். மற்றது டபுள் எண்ட்ரி என்று அடிக்கப்படும். இந்தக் கணக்கில் இதுவரை ஏறியிருக்கிற வண்டினங்கள் மட்டும் சுமார் 4 லட்சம்.

இப்போது கபிலருக்கும் கோனிக்குக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறது இல்லையா? கபிலரிடம் வவுச்சர் இல்லை. குரும்பி என்ற சொல் இருந்தது, சீட்டு ஒட்டிய பெட்டி இல்லை.

அடுத்த கேள்வி, வவுச்சர் எங்கே இருக்கிறது என்பது. கோனிக் 1785-ல் காக்கிநாடா பக்கத்தில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பேங்க்ஸின் பூச்சிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஃபாப்ரிசியஸின் கீல் பெட்டிகள் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தன. தரங்கம்பாடி மண்ணில் எடுத்த வண்டின் ஒரிஜினல் பில்லைப் பார்க்க நாம் விசா எடுக்க வேண்டும்!

குகையில் விளக்கேற்றியவர்

மண்ணுக்கடியில் வாழும் வண்டு என்ற துறையே தொடங்கியது 1831-ல். இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள போஸ்தோய்னா குகையில். அங்கே விளக்கேற்றும் வேலையில் இருந்த லூகா செச் என்பவர் ஒரு விசித்திரமான பூச்சியைப் பார்த்தார். மெல்லிய கழுத்து, நீண்ட கால்கள், பலூன் மாதிரி வயிறு, கண்ணே கிடையாது. அது ஹோஹென்வார்ட் பிரபுவின் கைக்குப் போய், அவரிடமிருந்து லுப்லியானாவில் இருந்த ஃபெர்டினாண்ட் ஷ்மிட் கைக்குப் போனது. ஷ்மிட் 1832-ல் அதற்கு லெப்டோடைரஸ் ஹோஹென்வார்ட்டி என்று பெயர் வைத்து விவரித்தார். அதுவரை இருட்டுக் குகையில் பூச்சி வாழ முடியும் என்றே யாரும் நினைக்கவில்லை. உலகத்திலேயே முதலில் விவரிக்கப்பட்ட குகை வண்டு அது. இன்னொன்று கொண்டுவந்தால் பரிசு என்று ஷ்மிட் அறிவித்தார். ஆனால் அடுத்தது கிடைக்கப் பல வருடம் ஆனது.

பெயரைக் கவனியுங்கள். பிடித்தவர் விளக்கேற்றுபவர். பெயரில் இருப்பவர் பிரபு. பிரபுவின் பெயரைக்கூட ஷ்மிட் ஓர் எழுத்து கூட்டித்தான் எழுதியிருந்தார். விதிப்படி முதலில் வந்ததே செல்லும் என்பதால் அந்தக் கூடுதல் எழுத்துக்கூட நிலைத்துவிட்டது. லூகா செச்சுக்குத்தான் அதில் இடம் இல்லை.

பெயர் வைப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கும் அதே ஸ்லோவேனியாவில் உதாரணம் உண்டு. 1933-ல் அங்குள்ள குகையொன்றில் கிடைத்த, சில மில்லிமீட்டரே உள்ள, கண்ணில்லாத பழுப்பு வண்டுக்கு ஆஸ்கர் ஷைபெல் என்ற சேகரிப்பாளர் 1937-ல் வெளியிட்ட பெயர் அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி. முதல் சொல்லுக்குப் பொருள் 'கண்ணற்றது'. இரண்டாவது யாரைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. போர் முடிந்தது, அந்த ஆளும் போனான், பெயர் போகவில்லை. நீதி, அறம் என்ற காரணங்களுக்காகப் பெயரை மாற்ற விலங்குப் பெயரிடல் விதிகளில் இடமில்லை. லெட்ஜரில் ஓவர்ரைட்டிங் கூடாது என்பது போல.

விளைவு என்ன தெரியுமா? ஹிட்லர் சம்பந்தப்பட்ட பொருட்களைச் சேர்ப்பவர்கள் இந்த வண்டைத் தேடி அலைய ஆரம்பித்தார்கள். ஒரு வண்டு ஆயிரம் யூரோவுக்கு மேல் விலை போவதாகச் செய்தி வந்தது. மியூனிக் விலங்கியல் சேகரிப்பிலிருந்தே மாதிரிகள் திருடு போயின. ஒரு சில குகைகளில் மட்டும் வாழ்கிற பிராணிக்கு, வெறும் பெயரினால் மட்டும் ஆபத்து! டிமாண்ட் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

மறுபடியும் புற்றுக்கு

குகை வண்டுக்கு இருட்டு மட்டும்தான் பிரச்சினை. புற்று வண்டுக்கு வீட்டுக்காரனும் பிரச்சினை. லட்சக்கணக்கான காவலாளிகள் உள்ள கோட்டைக்குள் எப்படிக் குடியிருப்பது?

இதை முறையாக ஆராய்ந்தவர் எரிக் வாஸ்மான் என்ற யேசுசபைப் பாதிரியார். இந்தியாவில் இருந்த சக பாதிரியார்கள் புற்றுகளைக் கிளறி அவருக்கு அனுப்பினார்கள். மராட்டியப் பகுதியில், அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் இருந்த ஹைம் பாதிரியார் அனுப்பியதை வைத்து 1899-ல் வாஸ்மான் பெயரிட்டது டெர்மிடோடிஸ்கஸ் ஹைமி. மிகச் சின்ன வண்டு. தலையும் காலும் உடம்புக்கு அடியில் மறைந்திருக்க, மேலே வழவழப்பான மூடி போல இருக்கும். கறையான் கடிக்க வந்தால் பிடி கிடைக்காது. வாஸ்மானின் சேகரிப்பு இப்போது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இருக்கிறது. மறுபடியும் விசா!

2012-ல் கம்போடியாவில் ஜப்பானின் முனேதோஷி மருயாமா விவரித்த வண்டு இன்னும் வேடிக்கை. ஈயோகோரிதோடெரஸ் இன்கிரெடிபிலிஸ் என்று பெயர். கண் கிடையாது, பறக்காது, முதுகில் ஒரு கைப்பிடி உண்டு! நம் வீட்டுத் தூக்குவாளியைத் தூக்குவது மாதிரி, கறையான் அந்தக் கைப்பிடியை வாயால் கவ்வி வண்டைத் தூக்கிக்கொண்டு போகும். அதே வருடம் அவர் விவரித்த டெர்மிடோட்ராக்ஸ் க்யூபிடோ 1.2 மில்லிமீட்டர்தான். காளான் தோட்டத்தில், அதாவது நம்ம புற்றாஞ்சோற்றில் வாழ்கிறது. கைப்பிடி வண்டின் உறவினர்கள் இந்தியப் புற்றுகளிலும் உண்டு.

கவனிக்க வேண்டிய விஷயம்: இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. மண்ணை ஒரு புனலில் போட்டு மேலே பல்பை எரியவிட்டால், வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்து பூச்சிகள் கீழே இறங்கிச் சாராயப் புட்டியில் விழும். பெர்லீஸ் என்ற இத்தாலியர் 1905-ல் சொன்ன புனல் முறையின் எளிய வடிவம் இது. செலவு ஒரு புரோட்டா, சால்னா செலவுதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். விழுந்தவற்றில் எது பெயருள்ளது, எது பெயரில்லாதது என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

நம் பக்கத்திலும் நடக்கிறது

தமிழ்நாட்டில் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். வண்டு இல்லை என்றாலும், மண்ணுக்கடியில் வாழ்ந்து கறையானைத் தின்கிற ஒரு தவளையின் கதை இருக்கிறது. 2003-ல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் இடுக்கியிலிருந்து ஊதாத் தவளையை விவரித்தபோது உலகமே வியந்தது. வருடத்தில் சில நாள் மட்டுமே வெளியே வருவதால் கேரளத்தில் அதை மாவேலித் தவளை என்பார்கள். ஓணத்துக்கு மட்டும் வருகிற மாவேலி மன்னனைப் போல!

2017-ல் அதன் தம்பி கிடைத்தது, மலையின் இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே. கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையில் வெளியே வரும். நம்முடையது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். மழையே இரண்டையும் பிரித்திருக்கிறது. இதற்கு வைத்த பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர் எஸ். பூபதி 2014-ல் அகத்தியமலையில் கள ஆய்வின்போது விபத்தில் இறந்தார். அவருடைய நினைவாக இந்தப் பெயர். பிரபுவுக்குப் பதில் காட்டுக்குள் அலைந்தவரின் பெயர். 1832-க்கும் 2017-க்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, இந்தியாவில் யார் புதிய இனத்தைக் கண்டுபிடித்தாலும் அங்கீகரிக்கப்பட்ட இந்திய நிறுவனத்துக்குத் தெரிவித்து, அங்கேயே மாதிரியை ஒப்படைக்க வேண்டும். 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று. இந்தச் சட்டத்தை நடத்துகிற தேசிய ஆணையத்தின் தலைமையகம் எங்கே தெரியுமா? சென்னையில், தரமணியில். கடைசியில் வவுச்சர் வீட்டுக்கு வந்துவிட்டது.

விலை உள்ளதும் விலை இல்லாததும்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மண்டைக்காட்டை ஒட்டி மணவாளக்குறிச்சி. அதன் மணலை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து நடந்தார்கள். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து எடுக்கும் தோரியம் அன்றைய எரிவாயு விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. உடனே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. காலில் ஒட்டிய மணலுக்குப் பெயரும் விலையும் வந்துவிட்டன.

மோனசைட்டுக்கு விலை இருந்தது, அதனால் பெயரும் கணக்கும் எடைச்சீட்டும் உண்டு. அதே மண்ணில் இருக்கிற வண்டுக்கு விலை இல்லை. விலை இல்லாததைப் பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாது. காட்டாத சொத்து தொலைந்தாலும் நஷ்டம் எழுத மாட்டார்கள். இதுதான் எனக்கு உறுத்துகிறது. குமரி மாவட்டத்தில் வயல் வீட்டுமனையாகிறது, குளம் சுருங்குகிறது, ஒரு ஜேசிபி அரை மணி நேரத்தில் ஒரு தோப்பையே சமன் செய்கிறது. அதில் போகிற புற்றுக்குள் கண் தெரியாத ஒரு மில்லிமீட்டர் வண்டு ஒன்று இருந்திருந்தால்? பறக்கத் தெரியாததால் அது பக்கத்துத் தோப்புக்கு ஓடிப் போகவும் முடியாது. பெயர் வைக்கப்படாமல் அழிந்தால், அது அழிந்ததாகக்கூடக் கணக்கில் வராது. இருந்ததே பதிவில் இல்லையே!

எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு புற்றைத் தெய்வமாக நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பக்தி ஒன்றைக் காப்பாற்றியது. மற்ற புற்றுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றை அறிவுதான் காப்பாற்ற வேண்டும், அதற்கு முதல் படி பெயர்.

விலங்கியல் படிக்கிற நண்பர்களே, சென்னை, பெங்களூரு என்று ஓடுவதற்கு முன்னால் உங்கள் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் மண்ணை ஒரு புனலில் போட்டுப் பாருங்கள். மற்றவர்கள், உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மண்ணைக் கிளறும்போது வருகிற ஒவ்வொரு வண்டுக்கும், புழுவுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? அந்தப் பெயர்களுக்கு வவுச்சர் இல்லைதான். ஆனால் புற்றாஞ்சோறு என்று ஒரு சொல் வைத்திருந்தவர்கள் இன்னும் என்னென்ன பெயர் வைத்திருந்தார்களோ! அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஓப்பனிங் பேலன்ஸ் சரியாக இருந்தால்தான் நண்பர்களே, குளோசிங் பேலன்ஸ் சரியாக வரும்.